11 வருடப் புண்ணும் பட்டாணி அளவு எலும்பும்

வலது பாதத்தில், பெருவிரலுக்கு நேர் பின்னால் தரையில் அழுந்துகிற மேட்டில், 3 செ.மீ. நீளமும் 2.5 செ.மீ. அகலமுமாக ஒரு குழிப்புண். சுற்றிலும் மஞ்சளாகத் தடித்த காய்ப்பு. 11 வருடமாக இருக்கிறது என்றார், தொழுநோயால் மரத்துப்போன பாதத்தோடு என்னிடம் வந்தவர். ஆறும், திறக்கும், திரும்ப ஆறும். ஒருதடவை நாலு மாதம் போல மூடியே இருந்ததாம், நாற்று நடவு வந்ததும் பழையபடி ஆகிவிட்டது.

ஆள் 60-ஐ நெருங்குகிறவர், திருநெல்வேலி மாவட்டம் சேரன்மகாதேவி பக்கம், கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில் நீர்பாய்ச்சி. பத்திருபது பேருடைய வயலுக்கு மடை திறந்து, அடைத்து, முறைத் தண்ணீர் ராத்திரியில் வந்தால் ராத்திரியிலும் டார்ச் லைட்டோடு வரப்பில் நடக்கிற வேலை. வருடத்தில் பாதி நாள் கால் சேற்றுக்குள். அவர் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன், ஆளை அடையாளம் காட்டிவிடக் கூடிய ஒன்றிரண்டு விவரங்களை மட்டும் மாற்றியிருக்கிறேன்.

"புண்ணு வலிக்கவே இல்ல சார், அது பாட்டுக்குக் கெடக்கு. நாத்தந்தான் பொறுக்க முடியல, அதாம் வந்தேன்" என்றார். பக்கத்தில் நின்ற அவர் மனைவி, "உக்காந்து இருங்கன்னு சொன்னா கேக்கவே மாட்டாவ சார்" என்று ஆரம்பித்தார். இருவர் சொன்னதும் உண்மைதான். வலிக்கிற கால் என்றால் மனைவி சொல்ல வேண்டியதே இருக்காது, கால் தானாக உட்கார வைத்திருக்கும்.

தொழுநோய்க்கு 1990-களின் தொடக்கத்திலேயே கூட்டு மருந்து சாப்பிட்டு முடித்தவர். அப்போது கிருமி அதிகமுள்ள வகைக்கு 24 மாதம் கொடுத்தார்கள் (இப்போது 12 மாதம்தான்). ரிஃபாம்பிசின், டாப்சோன், குளோஃபசிமின் மூன்றும். அட்டை இன்னும் வைத்திருக்கிறார், பிளாஸ்டிக் உறைக்குள். தோல் ஸ்மியர் எடுத்துப் பார்த்தோம், கிருமி இல்லை. இதைத் தனியாகச் சொல்லக் காரணம் இருக்கிறது. காலில் புண் இருந்தால் நோய் இன்னும் இருக்கிறது, ஒட்டிக்கொள்ளும் என்று நினைக்கிறவர்கள் படித்தவர்களிலும் உண்டு, வார்டில் பக்கத்துக் கட்டில்காரர் இடம் மாற்றிக் கேட்டதும் நடந்தது. நோய் போய் 30 வருடமாகிறது, இந்தப் புண்ணில் தொழுநோய்க் கிருமியே கிடையாது. அது விட்டுப்போன நரம்புச் சேதம்தான் இருக்கிறது. 2005 டிசம்பரோடு இந்தியா இந்த நோயை ஒழிப்பு இலக்குக்கு, அதாவது 10,000 பேருக்கு ஒருவருக்கும் கீழே, கொண்டுவந்துவிட்டதாக அறிவித்தது. அதற்கப்புறமும் நாட்டில் ஆண்டுக்குச் சுமார் 1 லட்சம் பேர் புதிதாகக் கண்டுபிடிக்கப்படுகிறார்கள். அவர்களை விடுங்கள், மருந்து முடித்து மரத்த காலோடு நடமாடுகிற பழைய ஆட்கள் இந்தக் கணக்கில் வருவதில்லை.

இந்த 11 வருடத்தில் அவர் பார்க்காத இடமில்லை. எந்தெந்த இடம் என்று எழுதப் போவதில்லை. எல்லா இடத்திலும் டிரெஸ்ஸிங், ஆன்டிபயாடிக், "தண்ணி படாம பாத்துக்கோங்க". நீர்பாய்ச்சியிடம் போய்! ஓரிடத்தில் மட்டும் தொடையிலிருந்து மெல்லிய தோல் சீவியெடுத்துப் புண்மேல் ஒட்டியிருக்கிறார்கள். தோல் நன்றாகவே பிடித்திருக்கிறது. நடக்க ஆரம்பித்து ஒன்றரை மாதத்தில் கிழிந்துவிட்டது. தொடைத் தோல் உடம்பு எடையைத் தாங்கப் பிறந்ததல்ல, அதுவும் கீழே ஒரு எலும்பு முட்டிக்கொண்டிருக்கும்போது.

ஏன் அந்த இடத்தில் மட்டும்?

கணுக்காலின் உள்பக்க எலும்புக்குப் பின்னால் ஒரு நரம்பு இறங்குகிறது, பாதத்தின் அடிப்புறம் ஏறக்குறைய முழுவதற்கும் உணர்ச்சி அதுதான். தொழுநோய்க் கிருமிக்கு இந்த மாதிரித் தோலுக்கு அருகே ஓடுகிற, கொஞ்சம் குளிர்ச்சியான நரம்புகள் ரொம்பப் பிடிக்கும். அது கெட்டால் மூன்று காரியம் சேர்ந்து நடக்கிறது. உணர்ச்சி போகிறது. வியர்வை நிற்கிறது, தோல் வறண்டு வெடிக்கிறது. பாதத்துக்குள் இருக்கும் சின்னத் தசைகள் செத்துப்போய் விரல்கள் கொக்கி மாதிரி மடங்குகின்றன. விரல் மடங்கினால் அதற்குப் பின்னால் உள்ள நீள எலும்பின் (மெட்டாடார்சல்) தலை கீழ்நோக்கித் தள்ளப்படுகிறது, அதன் அடியில் மெத்தையாக இருந்த கொழுப்பு முன்னால் நகர்ந்துவிடுகிறது. இப்போது எலும்புக்கும் வரப்புக்கும் நடுவே வெறும் தோல்தான்.

இதெல்லாம் புதுச் செய்தியில்லை. 1946-ல் வேலூருக்கு வந்த அறுவை மருத்துவர் பால் பிராண்ட், தொழுநோய் சதையைத் தின்பதில்லை, வலி தெரியாததால் ஏற்படுகிற காயங்கள்தான் விரலையும் பாதத்தையும் தின்கின்றன என்று அந்தக் காலத்திலேயே நிறுவிவிட்டார். ஆனாலும் "அந்த நோய்க்காரருக்கு அப்படித்தான் இருக்கும்" என்கிற பேச்சு இன்றைக்கும் ஓ.பி.யில் காதில் விழுகிறது.

சரி, பரிசோதனைக்கு வருவோம். 10 கிராம் நைலான் இழையைப் பாதத்தில் பல இடங்களில் அழுத்தினோம், இரண்டு பாதத்திலும் ஒரு இடத்தில்கூட அவருக்குத் தெரியவில்லை. பாதத்தின் இரண்டு நாடியும் நன்றாகத் துடித்தன. இது பெரிய ஆறுதல். சர்க்கரைக்காரரின் புண்ணில் பலநேரம் ரத்த ஓட்டமும் சேர்ந்து கெட்டிருக்கும். இவருக்குச் சர்க்கரையும் இல்லை, ரத்தமும் நன்றாக வருகிறது. அப்படியென்றால் அழுத்தத்தை எடுத்துவிட்டால் இந்தப் புண் ஆறியே தீர வேண்டும். ஆறவில்லை என்றால் உள்ளே ஏதோ இருக்கிறது.

இருந்தது. கம்பியைப் புண்ணுக்குள் மெதுவாக விட்டதும் 'டொக்' என்று எலும்பில் தட்டியது. எக்ஸ்ரேயில் பெருவிரல் மெட்டாடார்சல் தலைக்கு அடியில் உள்ள இரண்டு குட்டி எலும்புகளில், செசமாய்டு என்பார்கள், பட்டாணி அளவுதான் இருக்கும், உள்பக்கத்தது அரித்துத் துண்டு துண்டாகக் கிடந்தது. மெட்டாடார்சல் தலையின் அடிப்பகுதியும் கொஞ்சம் அரிபட்டிருந்தது. செத்த எலும்பு உள்ளே கிடக்கும் வரை மேலே எத்தனை டப்பா களிம்பு போட்டாலும் சீழ் வந்துகொண்டேதான் இருக்கும். புண்ணின் விளிம்பில் நாலு பக்கத்திலிருந்தும் சதை எடுத்து பயாப்சிக்கு அனுப்பினோம். வருடக்கணக்கான புண்ணில் புற்று கிளம்பலாம், குறிப்பாக விளிம்பு காலிஃபிளவர் போலப் பொங்கியிருந்தால். இவருக்கு அப்படிப் பொங்கவில்லை, ரிசல்ட்டும் புற்றில்லை என்றே வந்தது. ஆனாலும் 10 வருடம் தாண்டிய புண்ணை பயாப்சி பார்க்காமல் கத்தி வைக்கக் கூடாது என்பது என் பிடிவாதம்.

இன்னொன்று, பலரும் தவறவிடுவது. அவர் கணுக்காலை மேலே மடக்கிப் பார்த்தேன். முழங்காலை நீட்டி வைத்தால் பாதம் செங்கோணத்துக்கே வரவில்லை, 10 டிகிரி குறைந்தது. முழங்காலை மடக்கினாலும் செங்கோணத்தோடு சரி. குதிகால் தசைநாண் இறுகியிருக்கிறது. இப்படி இறுகினால் நடக்கும்போது குதிகால் சீக்கிரமே தரையைவிட்டு எழும்பிவிடும், மீதி நேரம் முழுக்க உடம்பு எடை முன்பாதத்தில்தான். புண் எங்கே இருக்கிறது? முன்பாதத்தில்.

ஆக, எனக்குத் தெரிந்தவரை அந்தக் காலில் கெட்டுப்போனது மூன்று: செத்த எலும்பு, துருத்துகிற எலும்பு, இறுகிய நாண். புண் இவற்றால் வந்தது. எல்லோரும் 11 வருடமாகப் புண்ணுக்கு மட்டும் வைத்தியம் பார்த்திருக்கிறார்கள்.

எப்போது செய்வது?

எப்போது செய்வது என்பது இந்த ஊரில் மருத்துவக் கேள்வி மட்டுமில்லை. பிசான நெல் அறுப்பு மாசியில் முடியும். கார் சாகுபடிக்கு ஜூன் தொடக்கத்தில் பாபநாசம் அணையில் தண்ணீர் திறப்பார்கள். நடுவே கிடைப்பது மூன்று மாதம்தான். அவருக்கு அந்த மூன்று மாதம் மட்டும்தான் காலை நீட்டிப் படுக்க முடியும். ஐப்பசியில் அட்மிஷன் போட்டால் பத்தாம் நாள் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போய்விடுவார், அவரைக் குறை சொல்லவும் முடியாது. அதனால் அறுப்பு முடிந்த கையோடு வரச் சொன்னேன், அதுவரை வீட்டில் தினமும் அரைமணி நேரம் காலைத் தண்ணீரில் ஊறவைத்து, காய்ப்பைக் கல்லால் தேய்த்து, ஈரம் காயுமுன் தேங்காய் எண்ணெய் தடவி, சுத்தத் துணி கட்டச் சொல்லிக் கொடுத்தோம். வந்தார். சொன்ன தேதிக்கு ரெண்டு நாள் முன்னாலேயே வந்துவிட்டார்.

ஒரே அறுவையில் முடிக்கலாமே என்று கேட்பார்கள். சீழ் இருக்கிற குழியை மூடித் தைத்தால் சீழும் உள்ளேயே இருக்கும், அதனால் இரண்டு கட்டம்.

மயக்கம் பற்றி ஒரு வார்த்தை. பாதத்தில் உணர்ச்சியே இல்லையே, ஊசி எதற்கு என்று அப்படியே வெட்டுகிற பழக்கம் இருந்தது, இன்னும் சில இடங்களில் இருக்கிறது. தோல் மரத்திருந்தாலும் ஆழத்தில் சிலருக்கு வலி மிச்சம் இருக்கும், ரத்தத்தை நிறுத்தத் தொடையில் இறுக்கிக் கட்டுகிற பட்டையின் (டூர்னிக்கே) வலி எல்லோருக்கும் தெரியும். அதையெல்லாம் விட்டாலும், ஒரு மனுஷன் எப்போது வலிக்குமோ என்று பயந்துகொண்டே கிடக்க வேண்டிய தலையெழுத்து என்ன? முதுகில் ஊசி போட்டுத்தான் செய்தோம்.

முதல் கட்டத்தில் பாதத்தின் உள்பக்க ஓரமாகத் திறந்தோம், அடியில் வெட்டவில்லை. அடியில் விழுகிற ஒவ்வொரு தழும்பும் நாளைக்கு அழுந்தப் போகிற இடம். செத்த செசமாய்டு நாலு துண்டாக வந்தது. வெளிப்பக்கத்தது நல்லபடியாக இருந்ததால் தொடவில்லை. மெட்டாடார்சல் தலையில் அரிபட்ட அடிப்பகுதியை மட்டும் உளியால் சீவி வழவழப்பாக்கினோம். தலையை முழுசாக எடுத்துவிடலாம், வேலை சுலபம், புண்ணும் சீக்கிரம் ஆறும். ஆனால் பெருவிரல் எலும்பு சுமக்கிற பாரம் எங்கே போகும்? பக்கத்து எலும்பின் தலைக்குப் போகும், அங்கே புதுப் புண் வரும், அதையும் எடுத்தால் மூன்றாவதுக்கு. இப்படி ஒவ்வொன்றாக எடுத்துக் கடைசியில் பாதியாகிப் போன பாதங்களை நிறையப் பார்த்தாயிற்று. எடுத்த எலும்பில் ஸ்டெஃபிலோகாக்கஸ் என்ற சீழ்க் கிருமி வளர்ந்தது, அதற்குக் கேட்கிற மாத்திரை 6 வாரம்.

புண்ணைத் திறந்தே வைத்துப் படுக்கையில் மூன்று வாரம். சீழ் நின்றது, நாற்றம் போயிற்று, சிவப்பாகச் சதை வளர்ந்து புண் 2 செ.மீ. அளவுக்குச் சுருங்கியது. அப்படியே விட்டால் ஆறியிருக்குமா? ஆறியிருக்கும். மாவுக்கட்டிலேயே ஆற்றியிருக்கலாம், சாதாரணப் பாதப் புண் பெரும்பாலும் 6 முதல் 8 வாரத்தில் மாவுக்கட்டுக்குள் ஆறிவிடும், அறுவையே வேண்டாம், அதுதான் முதல் வைத்தியம். ஆனால் இவருக்கு 11 வருடத் தழும்பு எலும்போடு ஒட்டிக் கிடந்தது. அந்த மெல்லிய தழும்பு ஆறி நின்றாலும் வரப்பில் ஒரு வாரம் தாங்காது. அதனால் தழும்பை வெட்டியெடுத்துவிட்டு, பாதத்துத் தோலையே கொண்டுவந்து மூடுவது என்று முடிவு.

இரண்டாம் கட்டத்தில் செய்தது V-Y பிளாப். புண்ணுக்குப் பின்னால், குதிகால் பக்கமாகக் கூர் இருக்கும்படி V வடிவில் தோலை வரைந்து, சுற்றிலும் கீழே உள்ள கெட்டியான திசுவரை வெட்டி விடுவிக்கிறோம். அடியிலிருந்து நேர்க்குத்தாக மேலே வரும் சின்ன ரத்தக் குழாய்களை அறுக்காமல் விட்டால் அந்தத் தோல் துண்டு உயிரோடு முன்னால் நகர்ந்து பள்ளத்தை மூடும், பின்னால் விட்டுவந்த இடத்தைச் சேர்த்துத் தைத்தால் Y ஆகிவிடும். 2 செ.மீ. தாராளமாக நகர்ந்தது. பாதத்தின் அடித்தோல் தடிமன், அதன் கீழே கொழுப்பு சின்னச் சின்ன அறைகளாகக் கட்டப்பட்டிருக்கும், உடம்பில் வேறெங்கும் இந்த மாதிரித் தோல் கிடையாது. பாதத்தில் ஓட்டை விழுந்தால் முடிந்தவரை பாதத்திலேயே தேட வேண்டும். குதிகாலில் பெரிய பள்ளம் என்றால் பாதத்தின் உள்வளைவிலிருந்து, தரையில் படாத இடத்துத் தோலை ரத்தக் குழாயோடு சேர்த்துத் திருப்பி வைப்போம். இவருக்கு அது தேவைப்படவில்லை.

அதே மேஜையில் குதிகால் நாணையும் நீட்டினோம். மூன்று சின்னத் துளை, ஒவ்வொன்றிலும் நாணில் பாதியை மட்டும் மாற்றி மாற்றி வெட்டிவிட்டு, பாதத்தை மெதுவாக மேலே தள்ளினால் நாண் வழுக்கிக்கொண்டு நீளும். செங்கோணத்துக்கு மேல் 10 டிகிரி வந்ததும் நிறுத்திவிட வேண்டும். ஆசைப்பட்டு அதிகம் நீட்டினால் எடை முழுக்கக் குதிகாலுக்குப் போகும், குதிகால் புண் முன்பாதப் புண்ணைவிடப் பொல்லாதது. இந்த நாண் நீட்டலுக்கு நல்ல ஆதாரம் சர்க்கரை நோயாளிகளிடமிருந்து வந்தது. 2003-ல் வெளியான ஒரு அமெரிக்க ஆய்வில், மாவுக்கட்டு மட்டும் போட்டவர்களில் 81 சதவீதம் பேருக்கு 2 வருடத்துக்குள் புண் திரும்பியது, நாணையும் நீட்டியவர்களில் 38 சதவீதம். நம் ஆட்களின் கால் வேறு, நோய் வேறு, ஆனால் நடையின் கணக்கு ஒன்றுதான்.

பிறகு நடந்தது

வலி தெரியாத காலுக்கு மாவுக்கட்டுப் போடுவது தனி வித்தை. சாதாரண ஆள் என்றால் கட்டு அழுத்தினால் ராத்திரியே கத்துவார். இவர் கத்த மாட்டார், கட்டுக்குள்ளேயே புதுப் புண் வந்திருக்கும். எலும்பு துருத்துகிற இடமெல்லாம் பஞ்சு வைத்து, வீக்கம் வடிந்து கட்டு தளர்வதால் முதல் கட்டை ஒரு வாரத்திலேயே பிரித்துப் பார்த்து மாற்ற வேண்டும். பிரித்தபோது பிளாப்பின் முன்விளிம்பில் அரை செ.மீ. அளவுக்குக் கறுத்திருந்தது. சுரண்டவில்லை, காத்திருந்தோம், ரெண்டு வாரத்தில் உதிர்ந்து அடியில் தோல் வந்துவிட்டது.

ஊன்றுகோல் கொடுக்க முடியவில்லை. இடது கையில் இரண்டு விரல் மடங்கியவர், உள்ளங்கையும் பாதி மரத்தது. கோலைப் பிடித்தால் கையில் புண் வரும். பிடியில் ரப்பர் சுற்றிய வாக்கர் கொடுத்தோம். "ஒண்ணுக்குப் போறதுக்கு மட்டும் காலை ஊன்றிக்கிடுதேன் சார்" என்றார். அண்ணாச்சி, அந்த ஒண்ணுக்குப் போகிற நடையில்தான் தையல் விடும் என்றேன். கட்டிலுக்கு அடியில் பாட்டில் வந்தது. அவருக்கு அது ரொம்ப அவமானமாக இருந்தது, மனைவிதான் சமாளித்தார்.

தையல் பிரித்தது மூன்று வாரம் கழித்து. அப்புறம் மூன்று வாரம் நடக்கிற மாவுக்கட்டு. அதைக் கழற்றிய அன்றே வீட்டுக்கு நடந்து போகவிடக் கூடாது. முதல் நாள் பத்து நிமிடம், சின்னச் சின்ன அடி. பிறகு புறங்கையால் பாதம் முழுக்கத் தொட்டுப் பார்க்க வேண்டும், ஒரு இடம் மட்டும் சுட்டால் அங்கே தோலுக்குக் கீழே அடிபட்டிருக்கிறது, மறுநாள் நடக்கக் கூடாது. அவர் கை மரத்தது என்பதால் தொட்டுப் பார்க்கிற வேலை மனைவிக்கு. ஒரே வாரத்தில் எங்கள் பிசியோதெரபிஸ்ட்டைவிடச் சரியாகச் சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

செருப்புதான் பெரிய பஞ்சாயத்து. எம்.சி.ஆர். (மைக்ரோசெல்லுலார் ரப்பர்) செருப்பு அரசுத் திட்டத்தில் இலவசமாகவே கிடைக்கிறது, மென்மையான ரப்பர், ஆணி அடிக்காமல் தைத்து ஒட்டியது, பின்வார் உள்ளது. ஆனால் அந்தக் கறுப்புச் செருப்பைப் பார்த்தாலே ஊருக்குத் தெரிந்துவிடும். "டீக்கடையில டம்ளரை மாத்திருவான் சார்" என்றார். பாளையங்கோட்டையில் செருப்புத் தைக்கிற ஒருவரிடம் அனுப்பி, கடையில் விற்கிற பழுப்பு நிறச் செருப்பின் உள்ளே எம்.சி.ஆர். தட்டு வைத்து, மெட்டாடார்சல் தலைகளுக்குச் சற்றுப் பின்னால் ஒரு குறுக்குப் பட்டையும் ஒட்டச் சொன்னோம். அதைக் கழற்றுவதேயில்லை. சேற்றில் இது உதவாது என்பதும் தெரியும், கம் பூட்ஸ் போட்டால் உரசிப் புண்ணாகும். அதனால் வரப்பு வேலை இவருக்கு, மடைக்குள் இறங்குவது அக்கா மகனுக்கு என்று பிரித்துக்கொண்டார்கள். கூலியும் பிரிந்தது, அதை மறைப்பதற்கில்லை.

கோயில்தான் இன்னொரு சிக்கல். செருப்பைக் கழற்றியே ஆக வேண்டும், பகலில் பிரகாரக் கல் சுடும், சுடுவது இவருக்குத் தெரியாது. விடிகாலையில் போங்கள் என்றேன். சரி என்றார், அப்படியே மெதுவாகத் திருச்செந்தூர் பாதயாத்திரையை எடுத்தார். 50 கிலோமீட்டருக்கு மேல், வெறுங்கால்! திருநெல்வேலியிலிருந்து ரயில் இருக்கிறது அண்ணாச்சி, முருகன் டிக்கெட் கேட்க மாட்டார் என்றேன். ரயிலில்தான் போனார்.

14 மாதமாகிறது. பழைய இடத்தில் புண் இல்லை, பிளாப் மெத்தென்று இருக்கிறது, அடியில் எலும்பு கையில் தட்டுப்படவில்லை. கணுக்கால் 5 டிகிரி திரும்ப இறுகியிருக்கிறது, சுவரில் கை ஊன்றிக் கெண்டைக்காலை நீட்டுகிற பயிற்சியை விட்டுவிட்டார் என்று மனைவி காட்டிக்கொடுத்தார். உணர்ச்சி வரவில்லை, வராது என்று முதலிலேயே சொல்லியிருந்தேன். எனக்கு உறுத்துவது இரண்டாவது விரலுக்குப் பின்னால் புதிதாகத் தெரிகிற காய்ப்பு. பெருவிரல் எலும்பில் சீவியதே கொஞ்சம் பாரத்தை அங்கே தள்ளியிருக்கிறது. போன தடவை பிளேடால் செதுக்கிவிட்டு, செருப்பின் குறுக்குப் பட்டையை ஒரு விரல் அகலம் முன்னால் நகர்த்தி ஒட்டச் சொல்லியிருக்கிறேன். அதிலும் காய்ப்பு அடங்காவிட்டால், தோல் உடையும் முன்பே அந்த எலும்பின் கழுத்தைப் பாதத்தின் மேற்பக்கமாக வெட்டித் தலையைச் சற்று உயர்த்திவிட வேண்டும். புண் இல்லாத காலில் அறுவையா என்று அவர் யோசிக்கிறார். மனைவி தேதி கேட்டுவிட்டுப் போயிருக்கிறார்.